ஆசிக்கு ஆகாத கை

"இன்னிக்கு வாசலைப் பூட்டிடு செலிக். எப்படிப் போறார்னு பார்த்துடலாம்."

பேக்கரி யோய்னே சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆசி சொல்லும் நேரம் பார்த்துத்தான் நம் ஆசாரியருக்கு ஒன்றுக்கு முட்டும், கடிகாரம்கூட அவ்வளவு சரியாக இருக்காது என்றார் இன்னொருவர்.

செலிக் சிரிக்கவில்லை. ஹைஃபா மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன ஜெப ஆலயத்துக்கு அவன்தான் நிர்வாகி. போரில் அழிந்துபோன ஒரே ஊரிலிருந்து மிஞ்சி வந்தவர்கள்தான் அங்கே கூடுவார்கள். அவர்களில் ஆரோனின் ஆசாரிய வம்சத்தில் வந்தவர் அன்ஷெல் ஒருவர்தான். கைகளை உயர்த்தி ஆசி சொல்வது அவர் ஒருவரால் ஆகிற காரியம். எவ்வளவு பெரிய பண்டிதர் வந்தாலும் அவருக்குப் பதிலாக நிற்க முடியாது.

அந்த மனுஷரோ ஒவ்வொரு பண்டிகையிலும் சரியாக அந்த நேரத்துக்கு எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டால் பதில் கிடையாது.

இன்று யூதர்களின் வருஷப் பிறப்பு. செலிக்கின் மகள் டோபா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த பண்டிகையைப் பற்றிப் பேச்செடுத்தாலே டாக்டர் வேறு பக்கம் பார்த்தார். அவளுடைய நீலக் கழுத்துத் துணியைச் சட்டைக்குள் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தான் செலிக். ஆசி தன்மேல் விழுந்தால் அவளுக்கும் போய்ச் சேரும் என்று ஒரு நப்பாசை.

அன்ஷெல் எழுந்தார். செலிக் பின்னாலேயே போய், கை கழுவும் இடத்தில் அவரை மறித்துக்கொண்டு நின்றான். ஆசிக்கு முன்னால் ஆசாரியரின் கைகளில் தண்ணீர் ஊற்ற வேண்டியது லேவி குலத்தார். செலிக் லேவிதான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஊற்றியதில்லை. செம்பை எடுத்துக்கொண்டான்.

"கையை நீட்டுங்கண்ணே."

"வழியை விடு."

"ஊர்க்காரங்க மேல கோபம்னா என்னைத் திட்டுங்க. என் பொண்ணு என்ன பண்ணினா?"

அன்ஷெல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உயிரை எடுத்த கை ஆசி சொல்லக் கூடாது. சட்டம் உனக்கும் தெரியும்."

பிறகு சொன்னார். போரின்போது சைபீரியாவில் மரம் வெட்டிக்கொண்டிருந்ததால் செலிக் பார்க்காமல் தப்பித்த கதை. குதிரை லாயத்துக்கு அடியில் ஒரு குழி. கும்மிருட்டில் பதினோரு பேர். யூதர்களைத் தேடி வந்த ஜெர்மன் சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் தலைக்கு மேல் கேட்டபோது, கூட இருந்த ஃப்ரிமெட்டின் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

"வாயைப் பொத்தினேன். கையை எடுத்தப்ப மூச்சு இல்ல."

ஃப்ரிமெட் இப்போதும் மாடியில், பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"நானே சொன்னேன். அன்னிக்கே."

"மத்த பேரைக் காப்பாத்தத்தானே அண்ணே..."

"மத்தவங்களையும் கொஞ்ச நாள்ல பிடிச்சுட்டாங்க. மிஞ்சினது நானும் அவளும்தான். அப்படியே எல்லாரும் பிழைச்சிருந்தாலும், அந்த ஒண்ணு அத்தனை பேரை விடக் கம்மின்னு யார் எடை போடுறது? நானா? நீயா?"

செலிக்கின் கழுத்தில் நீலத் துணி இறுக்கியது. சட்டமாவது ஒன்றாவது. செம்பைத் திண்டில் வைத்துவிட்டு அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து விரல்களைப் பலவந்தமாகப் பிரித்தான்.

உள்ளங்கை நடுவில் ஆழமாக ஒரு தழும்பு. இன்னொரு கையையும் பிரித்தான். அதிலும் அதே மாதிரி.

"இது என்னண்ணே?"

"ஆணி. குழி மூடியில இருந்தது. மேலேர்ந்து இழுத்துப் பார்த்தாங்க. உள்பக்கம் பிடி கிடையாது, ஆணிதான் நீட்டிட்டிருந்துச்சு. அதைப் பிடிச்சுத் தொங்கினேன்."

"ரெண்டு கையாலயுமா?"

"ஒரு கைக்கு நிக்குமா அது? அவங்க போற வரைக்கும் விடல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சட்டென்று கைகளை மூடிக்கொண்டார்.

"ரெண்டு கையும் மூடியில இருந்துச்சுன்னா, குழந்தையை..."

"மெதுவாப் பேசு." அன்ஷெல் மாடிப் பக்கம் பார்த்தார். "பயத்துல மாரோட இறுக்கிட்டா. அது அவளுக்கே தெரியாது. நான் மூடியை விட்டு இறங்கினப்ப மயங்கிக் கிடந்தா. கண்ணைத் தொறந்ததும் யாரு, யாருன்னுதான் கேட்டா. நான்தான்னு சொன்னேன்."

உள்ளே ஆசிக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"நான் மேடை ஏறினா, அந்தக் கேள்வியை அவ மறுபடியும் கேட்க ஆரம்பிச்சிடுவா, செலிக்."

செலிக் செம்பை எடுத்து, ஒரு சொட்டும் ஊற்றாமல் பழைய இடத்தில் வைத்தான். தெருக் கதவைத் தானே திறந்துவிட்டான். அன்ஷெல் வெயிலில் இறங்கிப் போனார்.

அவன் தனியாகத் திரும்பி வருவதைப் பார்த்ததும் யோய்னே எழுந்து நின்றான். "என்னய்யா, விட்டுட்டியா? உன் பொண்ணுக்காகக்கூட அந்தாளு மனசு இறங்கலையா?"

மாடித் தட்டியின் இடுக்கில் ஒரு முகம் அசையாமல் காத்திருந்தது.

செலிக் சட்டைக்குள் கைவிட்டு நீலத் துணியின் முடிச்சை அவிழ்த்தான். பிறகு, மாடிக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான்:

"அந்தக் கை ஆசிக்கு ஆகாது. ஜெபத்தை மேற்கொண்டு படிங்க."