இருபதாவது துணி

"ஒண்ணு குறையுது டாக்டர்."

நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னாள். மார்புக்கு மேலே திரை கட்டிப் படுக்கவைத்திருந்த பழைய இரும்புக் கடைக்காரியின் காதில் அது விழுந்துவிட்டது. இடுப்புக்குக் கீழேதான் மரத்துப் போயிருந்தது. காதும் வாயும் நன்றாகவே வேலை செய்தன.

"என்னது குறையுது? என் வயித்துல கைய வெச்சுக்கிட்டு என்ன குறையுது?"

"பயப்படாதீங்கம்மா. ரத்தம் ஒத்துற துணி. இருபது எடுத்தோம், பத்தொம்பதுதான் திரும்பி வந்திருக்கு. ஒவ்வொரு துணியிலயும் அரிசி சைஸுக்கு ஒரு சிப் வெச்சுத் தைச்சிருக்கும். மெஷினே எண்ணிச் சொல்லிடும்."

பிள்ளை பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆண். கன்னத்தோடு ஒரு தடவை ஒட்டிக் காட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஸ்கேனரை வயித்து மேல ஓட்டிப் பாருங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

ஓட்டினாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் ஓட்டினாள். ம்ஹூம்.

"அவ்வளவுதான், உள்ள இல்ல. தைச்சிடலாம்."

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். உள்ள இல்லைன்னுதான் மெஷின் சொல்லுது. எங்க இருக்குன்னு சொல்லலையே."

"எங்கயாவது குப்பையில கிடக்கும்."

"குப்பைக்கூடையைக் கொட்டியே பார்த்துட்டேன். மேஜைக்கு அடியிலயும் இல்ல."

"அதுக்கு? வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டுத் துணி தேடச் சொல்றீங்களா?"

கடைக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா நர்சு! என் கடையில மலை மாதிரி நட்டும் போல்ட்டும் குவிஞ்சு கிடக்கு. ஒண்ணு காணாமப் போனாலும் கண்டுபிடிச்சிடுவேன். இருபது துணியை எண்ண வக்கில்லையா உனக்கு?"

கதவு திறக்கும் சத்தம் வந்தது.

"சிஸ்டர்! ஸ்கேனரை எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? சிஸ்டர்!" டாக்டர் கத்தினார். "யாரைக் கேட்டு வெளியே போறாங்க இவங்க?"

"அப்படிக் கேளுங்க டாக்டர்!" என்றாள் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவள்.

சில நிமிடங்களில் நர்ஸ் திரும்பி வந்தாள். ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது.

"கிடைச்சிடுச்சு டாக்டர். இப்போ தைக்கலாம்."

"எங்க இருந்துச்சு?"

அவள் அவர் காதருகே போய் ஏதோ சொன்னாள். டாக்டர் குனிந்து தைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கண் விழித்ததும் கடைக்காரி கேட்டது புகார்ப் புத்தகத்தை.

"நல்லபடியாப் பிறந்தாச்சு. விட்டுத்தள்ளேன்" என்றான் புருஷன்.

"நீங்க ஒவ்வொண்ணா விட்டு விட்டுத்தான் ஊரெல்லாம் என்னை வாயாடிங்குது. பேனாவை எடுங்க. எண்ணத் தெரியாத நர்சு, வேலை நடுவுல வெளிய போன நர்சு, ரெண்டையும் எழுதுங்க."

அந்த நேரம் பார்த்து அதே நர்ஸ் உள்ளே வந்தாள். நேராகப் பிள்ளையிடம் போனாள். கழுத்தருகே இருந்த துண்டை ஒற்றை விரலால் விலக்கினாள். புறங்கையை மூக்குக்கு நேரே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

"என்ன, இவன்கிட்டயும் எதையாவது வெச்சுத் தொலைச்சுட்டியா?"

நர்ஸின் முகம் வெளுத்துப் போனது.

"நேத்து நேரமானதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

"பார்த்தீங்களா! அவளே ஒத்துக்கிட்டா. எழுதுங்க!"

"எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க."

வாசலில் டாக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்றைய குரல் இல்லை.

"பிறந்ததும் குழந்தையோட வாயைத் துடைச்சது நான். துடைச்ச துணியை எடுக்க மறந்ததும் நான்தான். அது அவன் கழுத்துல ஒட்டிக்கிட்டு, அவனைச் சுத்தியிருந்த துண்டோட சேர்ந்து பக்கத்து ரூமுக்குப் போயிடுச்சு."

கடைக்காரியின் கை தானாகப் பிள்ளையின் கழுத்துக்குப் போனது.

"அவங்க சலவை மூட்டை, வண்டி, ஒண்ணு விடாம ஸ்கேனரை ஓட்டிக்கிட்டே போயிருக்காங்க. தொட்டில் பக்கத்துல போனதும் ஸ்கேனர் கத்தியிருக்கு. துண்டைப் பிரிச்சா, ஈரத்துணி மேல ஏறி மூக்கை மூடிக்கிட்டு இருந்துச்சாம். உதடு நீலமாக ஆரம்பிச்சிருந்தது. சத்தம் போடாம தூங்கறான்னு அங்க இருந்தவங்க நினைச்சுக்கிட்டு இருந்தாங்க."

புருஷன் குனிந்து பிள்ளையின் மூச்சைக் கவனித்தான்.

"இப்போ ஒரு குறையும் இல்ல. எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்தாச்சு" என்றார் டாக்டர். "நேத்து நான் சொன்னபடி தைச்சு முடிச்சிருந்தா, அந்தத் துணியை யாரும் தேடியே போயிருக்க மாட்டோம்."

"அவ... அவங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"பச்சை உடம்பு, பதறிடுவாங்க, நீங்களே பக்குவமாச் சொல்லுங்கன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாங்க."

கடைக்காரி புருஷனைப் பார்த்தாள். "என்ன நிக்கறீங்க? போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

நர்ஸ் வந்தாள். இன்னும் என்னென்ன திட்டு பாக்கியிருக்கிறதோ என்று கதவருகிலேயே தயங்கி நின்றாள்.

"அக்கா, கிட்ட வாங்க" என்று கூப்பிட்டு, நெஞ்சோடு அணைத்திருந்த பிள்ளையை எடுத்து அவளிடம் நீட்டினாள் கடைக்காரி. "இவனைக் கொஞ்சம் வாங்கிக்கங்க. ரெண்டு கையும் சேர்த்து உங்களைக் கும்பிடணும்."