கேட்காமல் வந்த பெட்டி

"டைம் ஆபீஸ் சசிகலாவா சொன்னா? அவ கம்பெனி ஆளுடா!"

தோழர் ரகுபதிக்கு நாக்கு கசந்தது. முப்பது வருஷச் சங்க வாழ்க்கை. இரண்டு முறை சிறை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, தொழிலாளியின் வருகைக் கணக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்களை அவர் மனிதராகவே மதித்ததில்லை.

"பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல வந்து சொல்லிட்டுப் போனாவ, தோழர். கம்பெனி வெப்சைட்ல உன் டோக்கன் நம்பரைப் போட்டுப் பாரு, இன்னைக்கே பாருன்னு."

உச்சிமாகாளியின் வலது கையில் மூன்று விரல்களைப் பிரஸ் மெஷின் தின்றிருந்தது. விபத்து நடந்த பதினான்காம் தேதி அவன் வேலைக்கே வரவில்லை என்று கம்பெனி சாதித்தது. நாளைக்குத் தொழிலாளர் அதிகாரி முன்னால் கடைசி விசாரணை.

ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில், இடது கையால் தட்டுத் தடுமாறி நம்பரை அடித்தான். வருகைப் பட்டியல் விரிந்தது. பதினான்காம் தேதி, இரண்டாம் ஷிஃப்ட். வந்திருக்கிறான்!

"மாட்டினான்யா!" ரகுபதி தொடையில் தட்டினார்.

திரையில் ஒரு பெட்டி எழும்பியது.

"இன்னாடா அது?"

"இந்தப் பட்டியல ஃபைலா இறக்கிக்கிடவான்னு கேக்கு, தோழர்."

"நாம கேட்டமா?"

"இல்ல. தானா வந்துச்சு."

"அப்ப தொடாத. முதலாளி நீட்டுற எதையும் நான் கைநீட்டி வாங்கினதில்ல. இறக்கினா, பதிவைத் திருடிட்டான்னு உம்மேலயே கேஸைத் திருப்புவான். வேணாம்னு அமுக்கு."

"கையில ஒரு நகல் இருந்தா..."

"பட்டியல் எங்கடா ஓடிடும்? நாளைக்கு ஆபீசர் கம்ப்யூட்டர்லயே காட்டுவோம். எனக்கே சொல்லித் தரியா?"

அமுக்கினான். பெட்டி மறைந்தது.

மறுநாள் அதிகாரி அதே பக்கத்தைத் திறந்தார். பதினான்காம் தேதிக்கு நேரே 'ஆப்சென்ட்' என்றிருந்தது.

அரை மணியில் எல்லாம் முடிந்தது. கம்பெனி வக்கீல் சிரிக்கக்கூட இல்லை. அவருக்கு அடுத்த கேஸ் இருந்தது.

வாசலில் சசிகலா நின்றுகொண்டிருந்தாள்.

ரகுபதி வெடித்தார். "ஆசை காட்டிட்டு, ஒரே நாள்ல மாத்திட்டு, வேடிக்கை பாக்க வேற வந்துகீறியா? இவன் கையைப் பாரும்மா!"

அவள் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்தப் போறாங்கன்னு முந்தாநாளே தெரியும் சார். அதான் இவரு நம்பரைப் போட்டா அந்தப் பொட்டி தானா வர்ற மாதிரி செஞ்சி வெச்சேன். நேத்து சாயங்காலம் கண்டுபுடிச்சி, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க."

உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டான்.

"என் வேலை போனாப் போவுது சார்," என்றாள் சசிகலா. "அந்த ஃபைலு உங்ககிட்ட பத்திரமா கீதுல்ல?"