கறுப்பின்மேல் கறுப்பு

பெயின்ட்டுக்கு அடியில் விரல் இடறியது.

கப்பல்களுக்குப் பெயர் எழுதுகிறவர் அவர். கப்பலின் பின்புறம், கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்திருந்தார். புதுப் பெயரை எழுத வேண்டும். பழைய பெயரை யாரோ அரைகுறையாகத் தேய்த்துவிட்டுக் கறுப்பு அடித்திருந்தார்கள்.

தடவிப் பார்த்தார். ஆங்கில எழுத்து, ஆர். அதன் வலது கால் கொஞ்சம் நீண்டிருந்தது.

தூத்துக்குடியில் ஆருக்குக் காலை இப்படி நீட்டிவிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. சாக்கட்டியால் அவர் வரைவார், அதன்மேல் வெல்டிங் ஓட்டுவார்கள்.

அப்படியானால் இது அந்தக் கப்பல்தான்.

மூன்று வருடத்துக்கு முன் இதில் 'ரூபி டான்' என்று எழுதினார். அதற்கு முந்தைய பெயரில் எஞ்சின் அறை எரிந்ததாம். அதற்கும் முன்னால் பாறையில் ஏறியதாம். அவர் எழுதிய பெயரோடு போனபோது நடுக்கடலில் சரக்கு சரிந்து கப்பல் சாய்ந்தது. கப்பல் தப்பியது. ஏழு பேர் திரும்பவில்லை.

செய்தியை டீக்கடையில் படித்தார். பேப்பரை மடித்து வைத்தார். டீயைக் குடித்து முடித்தார்.

கப்பலுக்குப் பெயரை மாற்றலாம். உடம்பில் பதித்த ஏழு இலக்க எண்ணை மாற்ற முடியாது. அதைப் போனில் போட்டால் பழைய கதையெல்லாம் வந்துவிடும். அதனால்தான் பெயர் எழுதிய அன்றைக்குக் கப்பல் ஏஜென்ட், எண்ணின்மேல் மட்டும் வெள்ளைக்குப் பதில் கறுப்பையே அடிக்கச் சொன்னார். கறுப்பின்மேல் கறுப்பு.

அவர் ஏன் என்று கேட்கவில்லை.

இன்று காலை அதையே சொன்னபோதும் கேட்கவில்லை.

"மாமா! கப்பல் எப்படி, நல்லா இருக்கா?"

கீழே, துறைமுகத் தளத்தில் ரெக்ஸன். தோளில் பை. மகள் மெரிட்டாவின் புருஷன். கல்யாணமாகி ஏழு மாதம். இன்று இந்தக் கப்பலில் வேலைக்கு ஏறுகிறான்.

அன்றைக்கும் ஒருவன் பையோடு நின்று இதையேதான் கேட்டான், அண்ணே என்று. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அவனும் ஏதோ ஒரு வீட்டு மாப்பிள்ளைதான். அது இப்போதுதான் உறைத்தது. தன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு.

வெட்கமாக இருந்தது.

வெள்ளை டின்னைத் திறந்தார். கறுப்புக்கடியில் புடைத்திருந்த ஏழு இலக்கங்களையும் பெரிது பெரிதாக எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. முதல் தடவையாக அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மாப்ள, அந்த நம்பரப் போன்ல போட்டுப் பாருங்க."

ரெக்ஸன் எண்ணைப் போட்டுப் போனைக் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். தோள்பையை இறக்கிக் கீழே வைத்தான்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

ரெக்ஸன் இரண்டு விரலால் கப்பலின் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

அவனுடைய கல்யாணப் பலகையில் அவன் பெயரை எழுதியதும் அவர்தான். ஆங்கிலத்தில், ஆருக்குக் காலை நீட்டி.

ரெக்ஸன் நிமிர்ந்தான்.

"மாமா, இந்த ஆர் நீங்க எழுதினதா?"

மேலே கயிறு பிடித்திருந்தவர், இறக்கட்டுமா என்று கேட்டார்.

அவர் கீழே பார்க்காமல், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.