அடுத்த பாடம்

"ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டார் டீச்சர்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், கழுவிய ஒற்றைத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஐ ஏட்" என்றார்.

"பரவாயில்லை. எப்போது என்றும் சேர்த்துச் சொன்னால்தான் 'ஏட்'. சாப்பிட்டாயிற்று என்று மட்டும் சொல்ல 'ஹேவ் ஈட்டன்'. மறுபடி கேட்கிறேன். ஹேவ் யூ ஈட்டன்?"

"ஐ ஏட்."

எத்தனை முறை தப்பாகச் சொன்னாலும் டீச்சர் குரலில் சலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. லீவில் வந்திருந்த மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"போன லீவுல நான் ஆரம்பிச்சு வெச்சதுப்பா. இன்னுமா இந்தப் பாடத்தத் தாண்டல?"

"வயசாச்சுல்லம்மா, மண்டையில ஏற மாட்டேங்குது."

"சரி, நேத்து எட்டு மணிக்குச் சாப்பிட்டேன். சொல்லுங்க."

"ஐ ஏட் அட் எய்ட் யெஸ்டர்டே."

"சாப்பிட்டாச்சு?"

"ஐ ஹேவ் ஈட்டன்." பிரேக்கே போடாமல் வந்தது பதில்.

"அட, உங்களுக்குத் தண்ணி பட்ட பாடா இருக்கு! அப்புறம் ஏன் அங்க மட்டும் தப்பு விடறீங்க?"

மேஜையிலிருந்த போனை எடுத்தாள். அவளே இறக்கிக் கொடுத்திருந்த ஆப்பில், மூக்குக்கண்ணாடி போட்ட பொம்மை டீச்சர் பதிலுக்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"சரியாச் சொன்னா அடுத்த பாடம் வந்துடும்மா."

"வரட்டுமே!"

"ஒரு நாள் வாய் தவறிச் சரியாச் சொல்லிட்டேன். ஏர்போர்ட்ல பெட்டி தொலைஞ்ச பாடம் வந்துச்சு. தேடிப் பிடிச்சு இதுக்கே திரும்பி வந்தேன்."

அவள் கையிலிருந்து போனை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அதுல யாரும் சாப்பிட்டீங்களான்னு கேக்கறதில்ல."