ஆற்றைக் கடக்கும் வண்டி

தணிகைவேல் வாங்கிய சாகச பைக்குக்கு மலையேறி என்று பெயர். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, முன்னால் நான்கு விளக்கு. ஆற்றையே கடக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்து பதினொரு மாதத்தில் அது கடந்தது ஏழு வேகத்தடைகளை மட்டுமே.

ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வீட்டில் இட்லி மாவு இல்லை. தணிகைவேல் சாவியோடு வருவதைப் பார்த்து மலையேறிக்குப் புல்லரித்தது.

"இன்னிக்குத்தான்டா என் நாள்," என்றது பக்கத்தில் நின்ற பழைய மொபெட்டிடம்.

மொபெட் வயதில் மூத்தது. ஆனாலும் உயரத்தை மதித்து, "போய்ட்டு வாங்கண்ணே. இந்த வயசுல எனக்கு எதுக்கு நீச்சல்?" என்றது.

தணிகைவேல் மலையேறியை மெல்லத் தடவினார். "சேறு பட்டா வீணாப் போயிடும்," என்று உறையால் மூடி நான்கு முடிச்சும் போட்டார். பிறகு மொபெட்டின் பெடலை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அரை மணி கழித்து மொபெட் இருமிக்கொண்டே திரும்பியது. உறைக்குள்ளிருந்து மலையேறி குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"தண்ணி எவ்வளவுடா?"

"பெடல் முங்குச்சுண்ணே. மாவு தப்பிச்சுது."

மறுநாள் வெயில் அடித்தது, உறையை எடுத்தார்கள். எதிர்வீட்டுப் புது ஸ்கூட்டர், "மழையில ரொம்பச் சிரமமாண்ணே?" என்று மரியாதையாக விசாரித்தது.

"பெடல் முங்குற தண்ணி தம்பி," என்றது மலையேறி. "நல்லவேளை, மாவு தப்பிச்சுது."

ஸ்கூட்டர் அதை மேலும் கீழும் பார்த்தது.

"உங்களுக்கு ஏதுண்ணே பெடல்?"