ஒரு டஜன் யானை

"பத்தாங்கிளாஸ் கெமிஸ்ட்ரி எனக்குத் தண்ணி பட்ட பாடு சார். பதினொண்ணுல காலை வெச்சதும் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு" என்றாள் அவள். செவ்வாயும் வியாழனும் அவளுக்கு டியூஷன்.

"எல்லாருக்கும் முதல்ல அப்படித்தாம்மா" என்றார் டியூஷன் மாஸ்டர்.

"நாளைக்கு வகுப்புல மோல் பாடம். யாராவது கேள்வி கேட்டு மடக்கிட்டா, நாற்பது பேர் முன்னாடி மானம் போயிடும் சார்."

"மோல்ங்கிறது டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கைதான். ஒரு டஜன் எறும்பு, ஒரு டஜன் யானை. ரெண்டும் பன்னெண்டுதான். எடைதான் வேற வேற. அவ்வளவுதான் விஷயம்."

அவள் முகம் தெளிந்தது. கிளம்பும்போது தயங்கினாள்.

"நான் இங்க வர்றது வெளியில தெரிய வேணாம் சார்."

"மூச்சு விட மாட்டேன்."

மாஸ்டரின் மகளும் பதினொன்றாம் வகுப்புதான். ஆனால் அப்பாவிடம் மட்டும் படிக்க மாட்டாள். மறுநாள் மாலை அவள் பையை இறக்கியதுமே அவர் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு என்ன பாடம்?"

"மோல்."

"ரொம்ப சுலபம்மா. ஒரு டஜன் எறும்பு, ஒரு டஜன் யானை..."

"எங்க மிஸ் சொன்னதைக் காப்பியடிக்காதீங்கப்பா."

மாஸ்டர் விழித்தார். "உங்க மிஸ்ஸா?"

"போன வருஷம் வரைக்கும் பத்தாங்கிளாஸ்தான் எடுத்தாங்க. இப்பதான் எங்களுக்கு வந்திருக்காங்க. என்ன தெளிவா சொல்றாங்க தெரியுமா? பேசாம நீங்களும் அவங்ககிட்ட டியூஷன் வெச்சுக்கோங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செவ்வாய், வியாழன்னா எனக்குச் சரியா இருக்கும்மா."