ஆம்பூர் ஆள் இல்லாத நாடு

"இன்னாம்மா மெஹக், நாலு வருசம் ஆச்சு. ஒரு நல்ல சேதியும் காணோமே?"

ஹலீமா பீ கேட்டது மெஹக்கைத்தான். ஆனால் காதில் விழுந்தது கல்யாண மண்டபம் முழுவதற்கும்.

பந்தியில் இருந்த அத்தனை பேரும் பிரியாணியை விட்டுவிட்டு மெஹக்கின் வயிற்றைப் பார்த்தார்கள். ஹலீமா பீயின் மகள் அஃப்ஷா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல் கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மெஹக்கின் கணவன் சுஹேல் அகமதுவுக்கு ஹலீமா பீ சொந்த அத்தை. வீட்டில் எல்லாருக்கும் ஃபுப்பு. ஆம்பூரில் எந்தக் கல்யாணமானாலும் அந்தம்மா இந்தக் கேள்வியைக் கேட்காமல் பந்தி முடியாது. அதுவும் மெஹக்கைத்தான் கேட்பார்.

வீட்டுக்கு வந்து மெஹக் அழுது தீர்த்தாள்.

"குழந்தை இல்லாததைக்கூட தாங்கிக்குவேன். ஃபுப்பு வாயை என்னால தாங்க முடியல. யாருக்கும் தெரியாத ஊரா பாத்துப் போய் வைத்தியம் பண்ணிக்கலாம்."

சுஹேல் ஷூ ஃபேக்டரியில் விலை போடுகிறவன். ஒரு ஷூவுக்குத் தோல் எவ்வளவு, அடிப்பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அதே பழக்கத்தில் நாடு நாடாகக் கட்டம் போட்டான். டாக்டர், மருந்து, டிக்கெட், ரூம், சட்டம். கடைசியாக இன்னொரு கட்டம்: ஆம்பூர் ஆட்கள்.

துபாய் அந்தக் கட்டத்திலேயே அடிபட்டுப் போனது. அங்கே ஆம்பூர்க்காரர்கள் தெருவுக்கு நாலு பேர். பாங்காக் கொஞ்சம் கம்மிதான். ஆனால் ஃபேக்டரிக்கு கெமிக்கல் சப்ளை செய்கிற சமீருல்லா மாசாமாசம் அங்கே போகிறவர். அவர் காதுக்குப் போனால் ஃபுப்பு காதுக்குப் போன மாதிரி.

மிஞ்சியது ஜார்ஜியா.

வேலூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ரெனால்டிடம் போனார்கள்.

"சட்டப்படி ஏதாவது வில்லங்கம் வருமா?" என்று கேட்டாள் மெஹக்.

"நீங்க புருஷன் பொண்டாட்டி, குழந்தை பொறக்க வைத்தியம். அதுல ஒண்ணும் பேஜார் இல்லமா. கல்யாண சர்டிஃபிகேட்டை மறக்காம எடுத்துக்கங்க. வாடகைத்தாய்னு போனாத்தான் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். காசு குடுத்து அதெல்லாம் இங்கயே கூடாது."

சொல்லிவிட்டு ரெனால்ட் கொஞ்சம் தயங்கினார்.

"கோச்சிக்காதீங்க. இதே வைத்தியம் வேலூர்லயே இருக்கு. நீங்க சொல்ற செலவுல பாதிகூட ஆவாது. கல்கத்தாலேர்ந்து ரயில்ல உக்காந்து இங்க வர்றாங்க. உங்களுக்கு பஸ்ஸுல ஒரு மணி நேரம்."

"அந்த பஸ்ஸுல எங்க ஃபுப்புவும் வருவாங்களே!" என்றான் சுஹேல். "ஜார்ஜியாவுல ஆம்பூர் ஆளுங்க இருக்காங்களா, அத சொல்லுங்க."

"சத்தியமா சொல்றேன் சார். ஆம்பூர்லேர்ந்து அங்க போற முதல் ஆளே நீங்கதான்."

மெஹக்கின் வளையல்கள் டிக்கெட்டாக மாறின. ஊருக்கு, 'வெளிநாட்டில் ஷூ கண்காட்சி' என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பொய்யை ஃபுப்புவிடம் சொல்லாவிட்டால் ஊருக்குள் பரவாதே என்று அவர் வீட்டுக்கும் போனார்கள். வீடு பூட்டியிருந்தது.

"முட்டிவலிக்கு நாட்றம்பள்ளில எண்ணெய் வைத்தியம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "துணைக்கு அஃப்ஷாவும் போயிருக்கா. வர நாளாவும்."

மெஹக்குக்கு ஒரே சந்தோஷம். எண்ணெய் நன்றாக ஊறட்டும் என்று மனசார வாழ்த்திவிட்டு விமானம் ஏறினாள்.

ஜார்ஜியாவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன சுஹேல் அப்படியே நின்றுவிட்டான்.

மூலை நாற்காலியில் ஒரு லெதர் ஜாக்கெட். போன ரம்ஜானுக்கு அஃப்ஷாவின் புருஷனுக்கு அவனே வாங்கிக் கொடுத்தது. இப்போது அது ஒரு கறுப்பு புர்காவின் மேல் மாட்டியிருந்தது. புர்காவுக்குள் ஹலீமா பீ. பக்கத்தில் அஃப்ஷா. அவள் புருஷன் கவுண்டரில் பணம் கட்டிக்கொண்டிருந்தான்.

சுஹேலுக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை.

"ஃபுப்பு... முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்லப்பா. ஷூ கண்காட்சி எப்படிப் போவுது?"

சுஹேல் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஆம்பூர்லேர்ந்து முதல் ஆளு நாங்கதான்னு அந்த ரெனால்ட் சத்தியம் பண்ணாரே!"

"எங்ககிட்டயும்தான் பண்ணாரு."

அஃப்ஷாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது என்பதே மெஹக்குக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்ட கேள்வியைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அஃப்ஷாவைப் பார்த்தாள். அன்றைக்குப் பந்தியில் இருந்த மாதிரியே அவள் தலை நிமிராமல் இருந்தாள். கண்ணீர் மட்டும் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

மெஹக் கேள்வியை விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இந்த வலி உங்க வீட்டுலயே இருக்கு. தெரிஞ்சும் எல்லார் எதிர்லயும் என்னைக் கேட்டீங்களே ஃபுப்பு, ஏன்?"

ஹலீமா பீ மருமகனின் ஜாக்கெட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி மெஹக் கேட்டதே இல்லை.

"நான் முந்திக்கிட்டு உன்னைக் கேக்கலன்னா, அத்தனை பேரும் இவளைக் கேட்டிருப்பாங்கம்மா."